உடையாத அணை

அணைக்கட்டு அனர்த்தம் என்றதும் எம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது கட்டு உடைந்து நீர் பாய்ந்தோடும் காட்சியே. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து, உறக்கத்தில் இருந்த குடும்பங்களை வெள்ளம் வாரிச் சென்ற செய்தியுடன் வளர்ந்த எனது தலைமுறையினருக்கு அதனை வேறுவிதமாக நினைத்துப் பார்க்கவும் வராது. ஆனால், 1963 ஒக்டோபர் 9ஆம் திகதி இரவு வட இத்தாலியில் ஏறக்குறைய இரண்டாயிரம் மக்களைப் பலிகொண்ட வயோந்த் அனர்த்தத்தில் அணை உடையவில்லை. மேல் விளிம்பில் ஏற்பட்ட சிறு சேதத்தைத் தவிர அந்தப் பிரமாண்டமான கொங்கிறீற்றுச் சுவருக்கு எதுவும் நேரவில்லை. அறுபது வருடங்களுக்கு மேலாகியும் அது அதே மலையிடுக்கில் நின்றுகொண்டிருக்கிறது. சுவரைக் கட்டியவர்களின் கணக்குச் சரியாகவே இருந்திருக்கிறது. பிழைத்துப்போனது வேறொன்று.

அந்த வேறொன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்ற பின்னர் பத்திரிகைக் காரியாலயங்களிலேயே காலத்தைக் கழித்தவன். வயோந்தின் மீது எனக்கு ஈடுபாடு ஏற்பட்டதற்கும் அணை காரணமல்ல. அந்த அணையைப் பற்றி எழுதியமைக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரு பெண் பத்திரிகையாளரே காரணம்.

2008ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச பூமி ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. அதையொட்டி, பூமியின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொள்ளத் தவறியதால் நேர்ந்த ஐந்து பேரழிவுகள் உலகுக்குப் படிப்பினையாக எடுத்துக்காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று வயோந்த். செய்தி ஆசிரியர் பீடத்தில் அன்றிரவு கடமையில் இருந்த எனக்கு அந்தப் பெயர் புதியது. அதனைத் துருவிக்கொண்டு போனபோதுதான் தினா மெர்லின் என்ற பெயரை எதிர்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் என்னை விட்டு நீங்கவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீற்றர் தூரத்தில், அல்ப்ஸ் மலைகளுக்கிடையே பியாவே நதி ஓடுகிறது. அதனுடன் வந்து கலக்கும் சிற்றாறுகளுள் ஒன்று வயோந்த். ஆழமும் ஒடுக்கமும் கொண்ட ஒரு மலையிடுக்கின் ஊடாக அது வந்து சேரும் இடத்துக்கு நேரெதிரே, பியாவே பள்ளத்தாக்கில், லோங்கரோனே என்ற சிறு பட்டினம் இருக்கிறது. மலையிடுக்குக்கு மேலே, வயோந்த் ஆற்றின் வடகரைச் சரிவில் எர்த்தோ, காஸ்ஸோ என்னும் இரண்டு மலைக்கிராமங்கள். தென்கரையில் நிற்பது தொக் மலை. அழுகிப்போனது, ஊறி நெகிழ்ந்தது என்று பொருள்படும் ‘பத்தோக்’ என்ற வட்டார வழக்குச் சொல்லை அந்த மலையின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள் அங்குள்ளவர்கள். மலைவாசிகள் பெயர் வைக்கும்போது காரணமில்லாமல் வைப்பதில்லை.

அந்த மலையிடுக்கில் அணை கட்டும் எண்ணம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. வடகிழக்கு இத்தாலியின் நீர்மின் உற்பத்தியில் ஆதிக்கம் செலுத்திய ‘சாதே’ என்ற தனியார் மின்சார நிறுவனம் அதற்கான திட்டத்தைத் தயாரித்தது. 1905இல் அந்த நிறுவனத்தை ஆரம்பித்த ஜுசெப்பே வோல்ப்பி பின்னர் முசோலினியின் நிதியமைச்சராகவும் இருந்தவர். திட்டத்துக்கான அங்கீகாரம் 1943 ஒக்டோபர் 15ஆம் திகதி பெறப்பட்டது. அந்தத் திகதியைக் கவனிக்க வேண்டும். முசோலினி வீழ்ந்து, இத்தாலி போர்நிறுத்தம் செய்து, நாட்டின் வடபகுதி ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்த குழப்பமான நாட்கள் அவை. அங்கீகாரம் வழங்கிய பொதுவேலைகள் உயர்சபையில் 34 அங்கத்தவர்கள். அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் 13 பேர். கூட்டத்தை நடத்துவதற்கான கோரம்கூட இருக்கவில்லை.

போர் முடிந்து இத்தாலி எழுந்து நடக்கத் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. 1957இல் கட்டுமான வேலைகள் ஆரம்பமாயின. முதலில் ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்டிருந்த அணை 261.6 மீற்றர் வரை உயர்த்தப்பட்டது. வேலை முடிந்தபோது உலகிலேயே மிக உயரமான வில்வடிவ அணை அதுவே. அடியில் 22 மீற்றர் தடிப்பு. உச்சியில் மூன்றரை மீற்றருக்கும் குறைவு. பியாவே பள்ளத்தாக்கின் ஏனைய நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மிகை நீரையும் சேமித்துவைத்து, வேண்டியபோது எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நீர் வங்கியாக அதனை உருவாக்குவதே நோக்கம். வடிவமைத்த பொறியியலாளர் கார்லோ செமென்ஸா தமது துறையில் பெரும் புகழ் பெற்றவர். கொங்கிறீற்றில் அமைந்த கலைப்படைப்பு என்று பலரும் அந்த அணையை வியந்தார்கள்.

எர்த்தோ மக்களின் கவலை வேறு. அவர்களின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நீர்த்தேக்கத்துக்காகச் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈடு போதாது என்பது அவர்களின் முதல் முறைப்பாடு. தொக் மலை நம்பத்தக்கதல்ல என்பது இரண்டாவது. 1959 மார்ச் 22ஆம் திகதி, அயல் பள்ளத்தாக்கில் அதே நிறுவனத்துக்குச் சொந்தமான பொன்தெசெய் நீர்த்தேக்கத்தினுள் சுமார் மூன்று மில்லியன் கனமீற்றர் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்தன. எழுந்த அலை ஒரு தொழிலாளியைக் கொண்டுபோயிற்று. அந்தச் சிறிய நீர்த்தேக்கத்தில் நடந்தது தங்களுடைய பெரிய நீர்த்தேக்கத்திலும் நடக்கலாமே என்று எர்த்தோ மக்கள் அஞ்சினார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் ஒன்றுகூடி, தங்கள் பள்ளத்தாக்கைப் பாதுகாப்பதற்கு ஒரு சங்கம் அமைத்தார்கள்.

அந்தச் செய்தியை எழுதியவர் தினா மெர்லின். இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான ‘லூனிதா’வின் பெல்லூனோ மாவட்ட நிருபர் அவர். 1926இல் அதே மாவட்டத்தின் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே மிலான் நகருக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். போர்க்காலத்தில் பாசிச எதிர்ப்புப் போராளிகளுக்குத் தகவல் காவிச் சென்றவர். பல்கலைக்கழகப் படிப்போ பெரிய இடத்துத் தொடர்புகளோ அவருக்கு இல்லை. அவரிடம் இருந்தது ஒன்றுதான்: கிராமத்துக்குப் போய், சமையலறையில் உட்கார்ந்து, மக்கள் சொல்வதை முழுவதும் கேட்கும் பொறுமை. 1959 மே 5ஆம் திகதி வெளியான அந்தக் கட்டுரையில் நிறுவனத்தின் ஆதிக்கப் போக்கையும், மலைச்சரிவைப் பற்றிய மக்களின் அச்சத்தையும் அவர் எழுதினார்.

பொய்யானதும் திரிக்கப்பட்டதுமான செய்திகளைப் பரப்பிப் பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்க முயன்றார் என்பது அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. முறைப்பாடு செய்தது எர்த்தோவின் பொலிஸ். பொது அமைதி என்ற சொற்றொடர் இலங்கைப் பத்திரிகையாளர்களுக்குப் புதியதன்று. எந்த நாட்டிலும் அது ஒரே பையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது போலும்.

வழக்கு மிலான் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. எர்த்தோ மக்கள் பேருந்தில் ஏறிப் போய்ச் சாட்சி சொன்னார்கள். 1960 நவம்பர் 30ஆம் திகதி தினா மெர்லின் விடுதலை செய்யப்பட்டார். அவர் எழுதியதில் பொய்யும் இல்லை, மிகைப்படுத்தலும் இல்லை என்று நீதிமன்றம் கண்டது.

அந்தத் தீர்ப்புக்கு 26 நாட்களுக்கு முன்னர், நவம்பர் 4ஆம் திகதி, தொக் மலை தானே சாட்சி சொல்லியிருந்தது. நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. சுமார் 700,000 கனமீற்றர் மண்ணும் பாறையும் சரிந்து நீரில் விழுந்தன. அதே நாட்களில் மலைச்சரிவின் மேற்பகுதியில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்புத் தோன்றியது. மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்தான ‘எம்’ போன்ற வடிவம். இனிமேல் விழப்போவது எவ்வளவு என்பதற்கு மலை தானே கோடு கீறிக் காட்டியது போல இருந்தது.

நிறுவனத்துக்கு இது தெரியாதா? தெரியும். வயோந்தின் கதையில் நெஞ்சை உறுத்தும் இடம் இதுதான். அணையை வடிவமைத்த கார்லோ செமென்ஸாவின் மகன் எதுவார்தோ செமென்ஸா ஒரு புவியியலாளர். இளைஞரான அவர் இன்னொரு புவியியலாளருடன் சேர்ந்து அந்தச் சரிவை அடி அடியாக நடந்து ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் சரிந்து வந்து தங்கிநிற்கும் ஒரு மாபெரும் மண்சரிவுதான் அது என்றும், நீர்மட்டம் உயர்ந்தால் மறுபடியும் அது நகரக்கூடும் என்றும் அவர் கண்டறிந்தார். ஒஸ்திரிய நிபுணரான லியோபோல்ட் முல்லரும் 1961இல் அதே முடிவுக்கு வந்தார். அவர் மதிப்பிட்ட அளவு 200 மில்லியன் கனமீற்றர்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கார்லோ செமென்ஸா தமது துறையின் மூத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதம் பின்னர் வெளிவந்தது. எத்தனையோ வேலைகளை வெற்றிகரமாகச் செய்து முடித்த தாம், இப்போது தமது கைகளை மீறிச் செல்வதாகத் தோன்றும் ஒன்றை எதிர்கொண்டு நிற்பதாக அவர் அதில் குறிப்பிட்டிருந்தார். அந்த ஆண்டின் இறுதிக்குள் அவர் இறந்துபோனார். அதை வாசித்தபோது அந்த மனிதர் மீது எனக்குக் கோபத்தைவிட இரக்கமே மிகுந்தது. தந்தைக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியும். கிராமத்துக் கிழவிகளுக்கும் தெரியும். இத்தனை பேருக்குத் தெரிந்திருந்த ஒன்று நடந்தேறியது.

நிறுவனம் கைகட்டி நிற்கவில்லை. மலை சரிந்து நீர்த்தேக்கத்தை இரண்டாகப் பிரித்துவிட்டாலும் இரு பகுதிகளுக்கும் நீர்த்தொடர்பு இருப்பதற்காக ஒரு சுரங்கவழியைத் தோண்டினார்கள். பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டு நீர்த்தேக்கத்தின் சிறிய மாதிரியொன்றை அமைத்து, சரளைக்கற்களைச் சரியவிட்டுப் பரிசோதித்தார்கள். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றரில் இருந்தால் எந்தச் சரிவு வந்தாலும் ஆபத்தில்லை என்று 1962இல் அறிக்கை கிடைத்தது. ஆனால், சரளைக்கற்கள் உதிர்ந்து விழும் விதம் வேறு. ஒரு மலை ஒரே துண்டாக வழுக்கி வரும் விதம் வேறு.

மலை எப்படி நகர்ந்தது என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கிடையே மெல்லிய களிமண் படைகள் இருந்தன. நீர்த்தேக்கம் உயர உயர நீர் சரிவின் அடிப்பகுதியில் ஊறி, பாறையைத் தாங்கிப்பிடித்த உராய்வைக் குறைத்தது. மழைநீரும் மேலிருந்து இறங்கியது. நீர்மட்டத்தை உயர்த்தினால் மலை வேகமாக நகரும். குறைத்தால் மெதுவாகும் என்பதைப் பொறியியலாளர்கள் அவதானித்தார்கள். அதனால், வாகனத்தின் பிறேக்கை மிதிப்பது போல நீர்மட்டத்தைக் கொண்டு மலையைக் கட்டுப்படுத்தலாம் என்று நம்பினார்கள். இரண்டு தடவை அந்த நம்பிக்கை பலித்தது. மூன்றாவது தடவை பலிக்கவில்லை.

இதற்கிடையில் இத்தாலிய அரசாங்கம் மின்சாரத் துறையைத் தேசியமயமாக்கியது. 1962 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 1963 மார்ச்சில் வயோந்த் அரச நிறுவனமான ‘எனெல்’லிடம் கைமாறியது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, அணையை நடத்தியவர்கள் மாறவில்லை. நீர்மட்டம் மீண்டும் உயர்த்தப்பட்டது. செப்டெம்பர் தொடக்கத்தில் 710 மீற்றர். நிலம் அதிர்ந்தது, மரங்கள் சாய்ந்தன, வீதியில் வெடிப்புகள் தோன்றின. ஒக்டோபர் ஆரம்பத்தில் மலை ஒரு நாளில் 20 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துகொண்டிருந்தது. பதற்றத்துடன் நீரை இறக்கத் தொடங்கினார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி, தொக் சரிவில் இருந்தவர்களை வெளியேறுமாறு எர்த்தோ நகரபிதா அறிவித்தார். கீழே பள்ளத்தாக்கில் இருந்த லோங்கரோனே மக்களிடம் வெளியேறும்படி எவரும் சொல்லவில்லை. மாதிரியின்படி 700 மீற்றர் பாதுகாப்பான மட்டம் அல்லவா?

ஒக்டோபர் 9ஆம் திகதி இரவு லோங்கரோனேயின் கோப்பிக் கடைகள் நிறைந்திருந்தன. ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி. ரியல் மட்ரிட் அணியும் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் அணியும். தொலைக்காட்சிப் பெட்டி எல்லா வீடுகளிலும் இல்லாத காலம். அயல் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இரவு 10 மணி 39 நிமிடத்துக்கு, அந்த ‘எம்’ வடிவக் கோட்டின் வழியே, ஏறக்குறைய 270 மில்லியன் கனமீற்றர் மலை ஒரே துண்டாகக் கழன்று, மணிக்கு 100 கிலோமீற்றரை அண்மிய வேகத்தில் நீர்த்தேக்கத்தினுள் இறங்கியது. அதற்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. எழுந்த நீர் எதிர்க்கரையில் 200 மீற்றருக்கு மேல் உயர்ந்து காஸ்ஸோவின் கீழ்ப்பகுதியைத் தாக்கியது. ஒரு பகுதி உட்பக்கமாகத் திரும்பி எர்த்தோவைச் சேர்ந்த குடியிருப்புகளை அழித்தது. ஏறக்குறைய 25 மில்லியன் கனமீற்றர் நீர் அணையின் தலைக்கு மேலாகத் தாவி மலையிடுக்கில் விழுந்து, காற்றை முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. நீர் வந்து சேர்வதற்கு முன்னரே அந்தக் காற்று வந்து சேர்ந்தது. சில நிமிடங்களில் லோங்கரோனே இருந்த இடம் கல்லும் சேறுமான ஒரு வெளியாயிற்று.

இறந்தவர்கள் 1,917 பேர். லோங்கரோனேயில் மட்டும் ஏறக்குறைய 1,450. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 487. கண்டெடுக்கப்பட்ட உடல்கள் சுமார் 1,500. அவற்றுள் பாதியளவை அடையாளம் காண முடியவில்லை.

நிற்க. பத்திரிகையாளன் என்ற முறையில் எனக்குப் பெரும் அக்கறை தருவது அதற்குப் பிந்திய நாட்கள். இத்தாலியின் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் பேனாவை எடுத்தார்கள். தாமே பெல்லூனோவில் பிறந்தவரான தீனோ புத்ஸாத்தி, நீர் நிறைந்த கிண்ணத்தில் கல் விழுந்து நீர் மேசைவிரிப்பில் சிந்தியதற்கு ஒப்பிட்டு ஓர் உருக்கமான கட்டுரை எழுதினார். இயற்கையின் முன்னே மனிதன் சிறியவன் என்பதே அதன் தொனி. நாடறிந்த பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தனெல்லி, பொறுப்பு யாருடையது என்று கேட்டவர்களை, அந்தத் துயரத்திலும் அரசியல் ஆதாயம் தேடும் குள்ளநரிகள் என்று சாடினார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். மொழியில் தேர்ந்தவர்கள், உள்ளத்தால் உருகியவர்கள். ஆனால், நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மாவட்ட நிருபர் எழுதிவைத்திருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கட்சிப் பத்திரிகையில் வந்தது கட்சிப் பிரசாரமாகத்தானே இருக்கும்?

இந்த இடத்தைக் கடந்து செல்ல என்னால் முடிவதில்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்பதை எழுதுவதற்கான சுதந்திரமாகவே நாம் விளங்கி வைத்திருக்கிறோம். எமது நாட்டின் அனுபவம் அப்படி. எழுதியவர் உயிரோடு இருந்தாலே போதும் என்று நினைத்த ஆண்டுகளை நானும் என்னுடைய சக பத்திரிகையாளர்களும் கடந்து வந்திருக்கிறோம். தினா மெர்லின் சிறைக்குப் போகவில்லை. நீதிமன்றம் அவரை விடுவித்தது. தொடர்ந்து எழுதினார். 1961 பெப்ரவரியில், 50 மில்லியன் கனமீற்றர் மலை எர்த்தோ மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் அச்சுறுத்தலாக நிற்கிறது என்றும் எழுதினார். சரிந்தது அதைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். எழுதும் சுதந்திரம் அவருக்குக் குறைவில்லாமல் இருந்தது. எழுதியது செய்தியாக மதிக்கப்படவில்லை. சொன்னவர் யார், எந்தப் பத்திரிகை, எந்தக் கட்சி என்று பார்த்தார்கள். சொல்லப்பட்டது உண்மையா என்று போய்ப் பார்க்கவில்லை. தமிழ் வாசகர்களுக்கு இதனை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. ஒரு செய்தியின் உண்மையை அது வெளிவந்த பத்திரிகையின் பெயரைக் கொண்டு தீர்மானிக்கும் பழக்கம் எம்மிடையே நன்கு வேரூன்றியிருக்கிறது.

பின்னர் நீதி தேடும் படலம் ஆரம்பமானது. பெல்லூனோவின் இளம் விசாரணை நீதிவான் மாரியோ ஃபாப்ரி வழக்கைக் கட்டியெழுப்பினார். நிபுணர் அறிக்கைக்கு வெளிநாட்டவரை நாட வேண்டியிருந்தது. பிரான்ஸின் புவியியலாளர் மார்செல் ரூபோல் முதலானோர் அதனைச் செய்துகொடுத்தார்கள். பொது அமைதி என்ற காரணம் இங்கும் தலைகாட்டியது. வழக்கு பல நூறு கிலோமீற்றர் தெற்கேயுள்ள லாக்குவிலா நகருக்கு மாற்றப்பட்டது. உறவுகளை இழந்த மலைவாசிகள் ஒவ்வொரு தவணைக்கும் அவ்வளவு தூரம் போய்வர வேண்டியதாயிற்று. 1968 நவம்பர் 25ஆம் திகதி வழக்கு ஆரம்பிக்கும் தறுவாயில், குற்றஞ்சாட்டப்பட்ட பொறியியலாளர் ஒருவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். அனர்த்தம் நடந்தபோது பிரதமராக இருந்து, லோங்கரோனேக்கு வந்து நீதி கிடைக்கும் என்று உறுதியளித்த ஜொவான்னி லியோனே, பின்னர் மின்நிறுவனத் தரப்பின் சட்டத்தரணிகளுடன் நின்றார் என்பதை அப்பிரதேச மக்கள் மறக்கவில்லை.

இறுதித் தீர்ப்பு 1971 மார்ச் 25ஆம் திகதி வந்தது. இன்னும் இரண்டு வாரங்கள் கடந்திருந்தால் சட்டத்தின் காலவரம்பு முடிந்து வழக்கே இல்லாமல் போயிருக்கும். அனர்த்தம் முன்கூட்டியே அறியக்கூடியதாக இருந்தது என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் பொறியியலாளர் அல்பெரிகோ பியாதேனேக்கு ஐந்து ஆண்டுகள். அதில் மூன்று ஆண்டுகள் தள்ளுபடி. அரச அதிகாரி ஒருவருக்கு மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும். அதிலும் மூன்று ஆண்டுகள் தள்ளுபடி. கணக்குப் பார்ப்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர், வட இத்தாலியில் வசிக்கும் எனது ஊரவர் ஒருவரின் உதவியால் அந்த இடத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. புதிதாகக் கட்டியெழுப்பப்பட்ட லோங்கரோனேயின் தெருவில் நின்று கிழக்கே பார்த்தால், மலையிடுக்கின் நடுவே அணை சாம்பல் நிற ஆப்புப் போலத் தெரிகிறது. மேலே ஏறிப் போனால், அணைக்குப் பின்னால் நீர் இருக்க வேண்டிய இடத்தில் மரங்கள் முளைத்த ஒரு குன்று நிற்கிறது. அந்தக் குன்றுதான் தொக் மலையிலிருந்து வந்தது. அது கழன்று வந்த சரிவு இன்னும் வழுவழுப்பான வெறும் பாறையாகவே இருக்கிறது. வீதியோர வேலியில் சின்னச் சின்ன வண்ணக் கொடிகள். ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயர். ஊரவர் அணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அண்ணை, இதில ஒரு வெடிப்புக்கூட இல்லையே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அணையைக் கட்டியவர்கள் கேட்க விரும்பிய பாராட்டும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பொர்த்தோஞ்ஞாவில் உள்ள மயானத்துக்கும் போனோம். ஒரே அளவான வெண்பளிங்குக் கற்கள் 1,910, வரிசை வரிசையாக. 2003இல் அவ்வாறு புதுப்பித்தார்களாம். முன்னர் குடும்பத்தவர்கள் தத்தம் கைகளால் வைத்திருந்த சிலுவைகளையும் படங்களையும் அகற்றியது குறித்து இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. இறந்தவர்களை வரிசைப்படுத்தும் அதிகாரம் எப்போதும் வேறு யாரோ ஒருவரிடமே போய்ச் சேர்கிறது.

மலைச்சரிவுகளைப் பற்றி எழுதும் கடமை எனக்கும் வந்ததுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியபோது, அடுத்த நாட்களில் அங்கு போனேன். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே அணை இல்லை, நீர்த்தேக்கமும் இல்லை. வயோந்துடன் அதனை நேராக ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால், மலை சரியும் என்பது தங்களுக்கும் தெரியும், போவதற்கு இடம்தான் இல்லை என்று அந்த மக்கள் சொன்னபோது, எர்த்தோ மக்களின் குரல் எனக்குக் கேட்டது. மலையைப் பற்றி மலையில் வாழ்பவர்களுக்குத் தெரிந்திருப்பது ஒரு விடயம். அந்த அறிவைக் கொண்டு எதையாவது செய்யும் வலு அவர்களிடம் இருப்பது வேறு விடயம்.

பேரழிவு நேரும் இரவில், ‘இயற்கை அனர்த்தம்’ என்ற சொற்றொடர் பத்திரிகைக் காரியாலயங்களில் தயாராகவே இருக்கும். தலைப்புக்கு அளவாகப் பொருந்தும். எவர் மனத்தையும் நோகச் செய்யாது. வழக்குப் போட எவராலும் முடியாது. அனர்த்தம் என்ற வடசொல்லுக்கு அர்த்தமின்மை என்பதும் ஒரு பொருள். வயோந்துக்கு அந்தப் பொருள் பொருந்தாது. அங்கு நடந்தது ஒவ்வொன்றுக்கும் திகதி இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, கோவை இலக்கம் இருக்கிறது. அந்த வழக்கின் ஆவணங்களை யுனெஸ்கோ 2023இல் தனது உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. இயற்கை செய்ததாக இருந்தால் இவ்வளவு கடதாசி சேர்ந்திருக்க நியாயமில்லை.

தினா மெர்லின் தாம் கண்டவற்றையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். அனர்த்தம் நடந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1983இல்தான் அது வெளிவந்தது. 1991இல் அவர் காலமானார். 1997 ஒக்டோபர் 9ஆம் திகதி, நாடகக் கலைஞர் மார்க்கோ பாவோலினி அந்த அணையின் அருகிலேயே மேடை அமைத்துத் தனியொருவராக நின்று வயோந்தின் கதையைச் சொன்னார். இத்தாலிய அரச தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பியது. மில்லியன் கணக்கானோர் பார்த்தார்கள். மெர்லின் 1959இல் எழுதியதை இத்தாலி முழுவதும் உட்கார்ந்து கேட்பதற்கு 38 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதைக் கேட்க அவர் இருக்கவில்லை.

தான் எழுதியது பலித்துவிட்டதே என்று எந்த நிருபரும் மகிழ முடியாத செய்திகள் உண்டு. அவ்வகைச் செய்தியை எழுதுபவர் வேண்டுவதெல்லாம் அது பொய்த்துப்போக வேண்டும் என்பதுதான். யாராவது வாசித்து, யாராவது எழுந்து போய்ப் பார்த்து, நீரைத் திறந்துவிட்டு, கீழே இருப்பவர்களை வேறிடம் போகச் சொல்லி, கடைசியில் ஒன்றுமே நடக்காமல் போயிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால், லோங்கரோனேயில் அன்று உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விளையாட்டு முடிந்து வீடு திரும்பியிருப்பார்கள். அந்த நிருபர், வீண் பீதியைக் கிளப்பிய பெண் என்ற பெயருடன் வாழ்ந்து முடித்திருப்பார். அவர் அதற்கு மனமுவந்து சம்மதித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.